ஊர் வாயும் மாணவியின் அறையும்

மனிதன் பேசக் கற்ற நாளிலிருந்தே பிறரைப் பற்றிப் பேசவும் கற்றுக்கொண்டான். நம் பழந்தமிழ்ச் சான்றோர் இந்த இயல்பை நன்கு அறிந்திருந்தார்கள். அதனால்தான் ஊரார் பேச்சை அவர்கள் ஒரே சொல்லால் குறிக்காமல், அம்பல் என்றும் அலர் என்றும் இரண்டாகப் பிரித்தார்கள். சிலர் தமக்குள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொள்வது அம்பல். அதுவே ஊரறியப் பலரும் வெளிப்படையாகப் பேசும் நிலைக்கு வந்துவிட்டால் அலர். முன்னது அரும்பு, பின்னது மலர் என்று விளக்கம் கூறுவதும் உண்டு. அந்நாளில் அரும்பு மலராவதற்குச் சில நாட்களேனும் வேண்டியிருந்தன. இந்நாளிலோ, ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் அம்பல் அலராகி, கடல் கடந்து, மீண்டும் நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது.

திருவள்ளுவர் அறத்துப்பாலில் புறங்கூறாமை, பயனில சொல்லாமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். காமத்துப்பாலில் அலர் அறிவுறுத்தல் என மற்றோர் அதிகாரத்தையும் அமைத்தார். அங்கே காதலர் ஊரார் பேச்சைக் கண்டு அஞ்சவில்லை. அது தம் அன்பை வளர்க்கும் எருவாகிறது என்று மகிழ்கின்றனர். ஏனெனில் அந்த அலரின் முடிவு பெரும்பாலும் திருமணம். ஆனால் இன்று ஒரு கல்லூரி மாணவியைப் பற்றி எழும் அலரின் முடிவு யாது? பல வேளைகளில் அவளுடைய படிப்பின் முடிவே அதன் முடிவாகிறது. ஆகவேதான் இப்பொருளை நாம் விளையாட்டாகக் கருதாமல் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

தம் கல்லூரி வாழ்க்கையையும் தாம் தங்கும் விடுதி அறையையும் கைபேசியில் படம்பிடித்து உலகுக்குக் காட்டும் மாணவ மாணவியர் இன்று பலர் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி இணையத்தில் எழும் வதந்தி எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு வளர்கிறது, யாருக்கு ஊதியமாகிறது, யாருக்குக் கேடாகிறது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று நேயர்கள் சிலர் கேட்கலாம். நம் அக்கறை மற்றவர்களுடையதைவிடப் பெரிது என்பதே உண்மை. நாம் வாழும் ஹேடோவையே எடுத்துக்கொள்வோம். அந்தமான் தீவுகளின் தலைநகரில் கப்பல் துறையை ஒட்டிய பகுதி இது. நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று வழங்கிய இத்தலைநகர் 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் விசாகப்பட்டினத்துக்கும் பயணிகள் கப்பல்கள் புறப்படுவது ஹேடோ துறையிலிருந்துதான். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் வாழ்வோர் ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்தபடியாகத் தமிழே இங்கு மிகுதி.

இத்தீவுகளில் கல்லூரி இல்லாமல் இல்லை. ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. பொறியியல் கற்பிக்கும் நிறுவனம் உண்டு. 2015-ஆம் ஆண்டு முதல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. ஆயினும் எல்லாப் பாடங்களும் இங்கே கிடைப்பதில்லை. எல்லோருக்கும் இடம் கிடைப்பதுமில்லை. எனவே ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் தீவுப் பிள்ளைகள் பெட்டியுடன் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் கோவைக்கும் செல்கிறார்கள். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இவ்வழக்கம் உண்டு. பிள்ளை படிப்பது ஓரிடம், பெற்றோர் வாழ்வது வேறோரிடம். நடுவில் உள்ள தொலைவை நிரப்புவது பேச்சுத்தான்.

அந்தப் பேச்சு வரும் வழி அண்மையில் பெரிதும் மாறிவிட்டது. முன்பெல்லாம் சென்னைச் செய்தி மூன்று நாட்கள் கப்பலில் பயணம் செய்து, கடிதமாகவோ ஆள் வாய்ச் சொல்லாகவோ ஹேடோ துறையில் வந்து இறங்கும். பின்னர்த் தொலைபேசி வந்தது. செயற்கைக்கோள் வழியாக இணையமும் வந்தது. ஆனால் அதன் வேகம் மிகக் குறைவு. ஒரு காணொளியைத் திறந்து வைத்துவிட்டுச் சமையலை முடித்து வரலாம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள், சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட ஒளியிழைக் கம்பி வடம் பயன்பாட்டுக்கு வந்தது. தலைநகரை மட்டுமன்றிக் கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் போன்ற தீவுகளையும் அது இணைத்தது. நோயாளிக்கு மருத்துவ ஆலோசனையும், மாணவனுக்குப் பாடமும், வணிகனுக்கு விலை நிலவரமும் அவ்வடத்தின் வழியே வருகின்றன. அதே வடத்தின் வழியே வதந்தியும் வருகிறது. இரண்டுக்கும் தனித்தனி வழி அமைக்கும் வித்தையை அறிவியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இனி, நம் பொருளுக்கு உரியவர் யார் என்று பார்ப்போம். இன்ஸ்டாகிராம், யூடியூப் முதலிய தளங்களில் தொடர்ந்து காணொளிகளை வெளியிட்டு, பெருங்கூட்டமான பார்வையாளரைத் தம்பால் ஈர்த்துக்கொள்வோரை ‘இன்ஃப்ளூயன்ஸர்’ என்று அழைக்கிறார்கள். தம் சொல்லால் பிறர் விருப்பத்தைத் திருப்பவல்ல செல்வாக்கு உடையவர் என்பது அதன் கருத்து. அவர்களுள் மாணவர்களாக இருப்போர் காட்டுவது பெரும்பாலும் தம் அன்றாட வாழ்க்கையையே. காலையில் எழுவது, விடுதியில் இட்லிக்கு வரிசையில் நிற்பது, வகுப்புக்குச் செல்வது, தேர்வுக்குப் படிப்பது, அறையை அலங்கரிப்பது ஆகியன அவர்களின் காட்சிகள்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடக் கூடாது. இதில் வருவாயும் உண்டு. யூடியூப்பில் விளம்பர வருவாயில் பங்கு பெற வேண்டுமானால், குறைந்தது 1,000 பேர் தொடர்ந்து பார்ப்போராகப் பதிவு செய்திருக்க வேண்டும்; பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரம் அக்காணொளிகள் பார்க்கப்பட்டிருக்கவும் வேண்டும். குறுங்காணொளிகளுக்கு வேறு கணக்கு உண்டு. இவ்வருவாய் பலருக்குச் சிறிதே. வணிக நிறுவனங்கள் தரும் பொருளும் பணமும்தான் பெரிது. ஆயினும் விடுதிக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தானே ஈட்டிக்கொள்ளும் மாணவி, தன் தந்தையின் சுமையைக் குறைப்பவள் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆனால் இத்தொழிலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தச்சன் நாற்காலியை விற்கிறான், தன்னை விற்பதில்லை. மாணவி காட்டும் பொருளோ அவளுடைய நாளும் அறையும். பார்ப்பவர் அவளை நாள்தோறும் காண்கிறார். ஆதலால் அவளை அறிந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார். அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்று நினைக்கும் பழைய ஊர் மனம், அவளைப் பற்றியும் அவ்வாறே நினைக்கத் தொடங்குகிறது. ‘இவள் உண்மையிலேயே அந்தக் கல்லூரியில்தான் படிக்கிறாளா? போன மாதம் இருந்த அறையில் இந்த மாதம் ஏன் இல்லை? இவ்வளவு வாடகை கொடுப்பவர் யார்? விடுதியிலிருந்து வெளியேற்றிவிட்டார்களோ?’ என்று கேள்விகள் எழுகின்றன.

அறையைச் சுற்றியே வதந்தி மிகுதியாக எழுவதற்குக் காரணம் உண்டு. எந்தக் காணொளியிலும் பின்னணியாக இருப்பது அறைதான். அவள் பேசுவது தேர்வைப் பற்றியாக இருக்கலாம். பார்ப்பவர் கண் சுவரின் நிறத்திலும் கட்டிலின் எண்ணிக்கையிலும் சன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடத்திலும் செல்கிறது. சொல்லப்பட்ட செய்தியில் ஐயத்துக்கு இடமில்லை. சொல்லப்படாத பின்னணியில்தான் கற்பனைக்கு இடம் இருக்கிறது. வதந்தி எப்போதும் சொல்லாமல் விட்ட இடத்திலேதான் வேர் விடுகிறது.

வதந்தி வளரும் முறையை நாம் நான்கு படிகளாகப் பிரித்துக் காணலாம். முதலில் ஓர் இடைவெளி. அவள் ஒரு வாரம் காணொளி வெளியிடவில்லை. அல்லது அறை மாறிவிட்டது. இரண்டாவது ஓர் ஊகம். ‘இப்படி இருக்குமோ’ என்று ஒருவர் வினாவாக எழுதுகிறார். மூன்றாவது மறுபதிப்பு. வினாவைப் படித்தவர் அதைப் பிறருக்கு அனுப்பும்போது வினாக்குறி விழுந்துவிடுகிறது. ‘இப்படியாம்’ என்று செய்தியாகிறது. நான்காவது சான்று தேடல். முடிவைத் தீர்மானித்துவிட்ட பின், அவளுடைய பழைய காணொளிகளைப் புரட்டி அதற்கேற்ற சான்றுகளைப் பொறுக்குகிறார்கள். மோதிரம் ஒரு சான்று. சிரிப்பு ஒரு சான்று. சிரிக்காமல் இருந்தால் அதுவும் ஒரு சான்று.

இந்நான்கு படிகளையும் ஒருங்கே காட்டும் உண்மை நிகழ்ச்சி ஒன்று நம் அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்தது. 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ‘மாத்ருபூமி’ நாளிதழ் ஒரு மாணவியைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. ஹனான் என்னும் அப்பெண் தொடுபுழையில் உள்ள கல்லூரியில் வேதியியல் பயின்றுவந்தாள். வகுப்பு முடிந்ததும் மாலையில் கல்லூரிச் சீருடையுடனே கொச்சி நகரின் தம்மனம் பகுதியில் மீன் விற்றுத் தன் படிப்புக்கும் குடும்பத்துக்கும் பொருள் ஈட்டினாள். செய்தி வெளிவந்தவுடன் இணையம் அவளைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. திரைப்பட இயக்குநர் ஒருவர் தம் படத்தில் அவளுக்கு வேடம் தருவதாகவும் அறிவித்தார்.

அங்கேதான் இடைவெளி கிடைத்தது. மீன் விற்றதால் திரைப்பட வாய்ப்பு வந்தது என்பது நிகழ்ந்த வரிசை. திரைப்படத்தின் விளம்பரத்துக்காகவே மீன் விற்பதுபோல் நடித்தாள் என்று வதந்தி அவ்வரிசையைத் தலைகீழாகத் திருப்பியது. கைவிரல் மோதிரமும் அணிந்த உடையும் சான்றுகளாயின. முதல் நாள் வாழ்த்திய வாய்கள் மறுநாள் வசைபாடின. பின்னர்க் கல்லூரியாரும் அக்கம்பக்கத்தாரும் அவளுடைய வறுமையும் உழைப்பும் மெய்யே என்று சான்று பகர்ந்தனர். முதலமைச்சர் பினராயி விஜயன் வெளிப்படையாக அவளுக்கு ஆதரவு தெரிவித்தார். இழிவாக எழுதியோர் மீது காவல்துறை நடவடிக்கை எடுத்தது. சிலர் கைது செய்யப்பட்டனர். புகழும் பழியும் மீட்பும் ஆகிய மூன்றும் சில நாட்களுக்குள் நிகழ்ந்து முடிந்தன. அவளுக்காகப் பேச ஒரு முதலமைச்சர் இருந்தார். பழி சுமக்கும் எல்லாப் பெண்களுக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை.

வதந்தியை வாணிகமாக்குவது இக்காலத்தார் கண்ட புதுமையன்று. 1940-களில் சென்னையில் சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் முதலில் ‘சினிமா தூது’ என்ற இதழையும், அது நிறுத்தப்பட்ட பின்னர் ‘இந்து நேசன்’ என்ற இதழையும் நடத்தினார். திரையுலகத்தாரின் தனி வாழ்க்கையைப் பற்றிய செய்திகளே அவற்றின் மூலதனம். இதழ்கள் மிகுதியாக விற்றன. அவரைக் குறைகூறியவர்களும் வாங்கிப் படித்தார்கள். 1944-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் வேப்பேரிப் பகுதியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்றுச் சிறை சென்று, மேல்முறையீட்டின் பயனாக 1947-ஆம் ஆண்டு விடுதலை பெற்றனர். எழுதியவர் உயிரிழந்தார்; எழுதப்பட்டவர்கள் ஆண்டுகளை இழந்தார்கள். காசு கொடுத்து வாங்கிப் படித்த வாசகர் மட்டும் எதையும் இழக்கவில்லை. வதந்தியின் கணக்கேட்டில் என்றும் உள்ள அநீதி இது.

மேல்நாட்டிலும் இதே கதைதான். இன்று உலகெங்கும் பரவியுள்ள ஃபேஸ்புக் பிறந்ததே ஒரு மாணவர் விடுதியில் என்பது கருதத்தக்கது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2003-ஆம் ஆண்டு மார்க் ஸக்கர்பர்க் என்ற மாணவர், விடுதிப் பதிவேடுகளில் இருந்த மாணவரின் படங்களை அவர்கள் இசைவின்றி எடுத்து, இவ்விருவருள் அழகு மிக்கவர் யார் என்று வாக்களிக்கும் ஒரு தளத்தை அமைத்தார். எதிர்ப்பு எழுந்ததால் அது சில நாட்களில் மூடப்பட்டது. 2004 பிப்ரவரியில் அவரே ஃபேஸ்புக்கைத் தொடங்கினார். 2007-ஆம் ஆண்டு, கல்லூரி மாணவரைப் பற்றிப் பெயர் மறைத்து எதையும் எழுதலாம் என்று அழைப்பு விடுத்த ‘ஜூஸி கேம்பஸ்’ என்னும் தளம் தோன்றியது. பல கல்லூரிகளில் அது பெருந்துயரம் விளைத்தது. 2009 பிப்ரவரியில் அது மூடப்பட்டதற்குக் காரணம் மனச்சான்று அன்று. விளம்பர வருவாய் குறைந்ததே காரணம்.

இக்காலத்துத் தளங்களின் அமைப்பு நுட்பமானது. எந்தப் பதிவுக்கு மிகுதியான பேர் நின்று பார்க்கிறார்களோ, மறுமொழி எழுதுகிறார்களோ, பிறருக்கு அனுப்புகிறார்களோ, அதையே இயந்திரம் மேலும் பலருக்குக் காட்டும். வாழ்த்தும் வசையும் அதற்கு ஒரே எண்ணிக்கை. ‘இது பொய்’ என்று நாம் சினந்து எழுதும் மறுமொழியும் அப்பொய்யை இன்னும் நூறு பேருக்குக் கொண்டு செல்லக்கூடும். இதை நன்கு அறிந்த சிலர், யாரோ ஒரு மாணவியின் பெயரைத் தலைப்பில் வைத்து, ‘உண்மை வெளியானது’ என்று முழங்கிக் காணொளி வெளியிடுகிறார்கள். உள்ளே உண்மையும் இராது, பொய்யும் இராது. பத்து நிமிடப் பேச்சு மட்டுமே இருக்கும். அதற்கும் விளம்பரக் காசு உண்டு.

அப்படியானால் இத்தகைய மாணவியரைப் பற்றி எவரும் எதுவும் கேட்கலாகாதா என்று வினவினால், கேட்கலாம் என்பதே நம் விடை. ஆனால் எதைக் கேட்பது என்பதற்கு எல்லை உண்டு. ஒருத்தி ஒரு தனியார் விடுதியைப் புகழ்ந்து, ‘இங்கே வந்து தங்குங்கள்’ என்று கூறுகிறாள். அவ்விடுதியார் அவளிடம் வாடகை வாங்காமல் விட்டிருந்தால், அதை அறியும் உரிமை பார்ப்பவருக்கு உண்டு. அவள் சொல்லை நம்பித் தொலைவிலிருந்து ஒரு தந்தை முன்பணம் அனுப்பக்கூடும் அல்லவா? 2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மத்திய அரசின் நுகர்வோர் நலத்துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகக் கூறுகின்றன. பணம் மட்டுமன்று, இலவசப் பொருள், பயணம், தங்குமிடம் ஆகியவற்றைப் பெற்றிருந்தாலும், அது விளம்பரம் என்பதை எளிதில் கண்ணில் படும்படி அறிவிக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

ஆகவே, ‘இந்த விடுதியைப் புகழ உனக்குக் கட்டணம் தந்தார்களா?’ என்பது முறையான வினா. ‘உன் அறையில் உன்னுடன் இருப்பவர் யார்?’ என்பது முறையற்ற வினா. முன்னது அவள் நமக்குச் சொன்ன சொல்லைப் பற்றியது. பின்னது அவள் வாழ்வைப் பற்றியது. சொல்லுக்கு அவள் நமக்குப் பொறுப்பாளி, வாழ்வுக்கு அல்லள்.

இந்த எல்லையை நம் உச்ச நீதிமன்றமும் வகுத்திருக்கிறது. அதற்குக் காரணமான வழக்கு ஒரு தமிழ் இதழின் வழக்கே என்பது நாம் அறிய வேண்டிய செய்தி. தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது குறித்து ‘நக்கீரன்’ இதழின் ஆசிரியர் தொடுத்த வழக்கில் 1994-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. தன்னைத் தன் போக்கில் விட்டுவிடுமாறு கோரும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும், ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி முதலியவற்றைப் பற்றி அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்றும் நீதிபதிகள் கூறினர். கல்வி என்ற சொல் அப்பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கிறது. பொது ஆவணங்களில் உள்ளவை அதற்கு விலக்கு. ஆயினும் பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயர் அவ்விலக்கில் அடங்காது என்றும் தீர்ப்பு உரைத்தது. தாமே முன்வந்து ஒரு சர்ச்சையில் புகுந்தவரின் நிலை வேறாகலாம் என்றும் கூறியது. காணொளி வெளியிடும் மாணவிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், அவள் திறந்து வைத்த சன்னலின் வழியே பார்க்கலாம். கதவை உடைத்து உள்ளே நுழையலாகாது என்பது நாம் கொள்ளும் கருத்து. பின்னர் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்க உரிமை அரசியலமைப்புச் சட்டம் வழங்கும் அடிப்படை உரிமையே என ஒருமனதாக அறிவித்தது.

இவ்வெல்லை மீறப்பட்டால் விளைவது என்ன என்பதைச் சென்னை அண்மையில் கண்டது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் இரவு அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் கொடுமைக்கு ஆளானாள். அவள் துணிந்து புகார் கொடுத்தாள். ஆனால் அவளுடைய அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்து கைக்குக் கை பரவியது. உடனே ஊர் வாய் திறந்தது. குற்றம் செய்தவனைப் பற்றிப் பேச வேண்டிய வாய்கள், அந்நேரத்தில் அவள் ஏன் அங்கே இருந்தாள் என்று பேசின. டிசம்பர் 28-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் காவல் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை கசிந்ததற்காக அம்மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. விடுதிக் கட்டணம் உட்பட எக்கட்டணமும் வாங்காமல் அவள் படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகம் உதவ வேண்டும் என்றும் கூறியது. குற்றவாளிக்கு 2025 ஜூன் 2-ஆம் நாள் சென்னை மகளிர் நீதிமன்றம் குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பின்றிக் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை விதித்தது.

இத்தீர்ப்புகளில் நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. கொடுமைக்குத் தண்டனை தனி. ஊர் வாயில் அவள் பெயர் விழுந்ததற்கு ஈடு தனி. பேச்சும் ஒரு காயமே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அக்காயத்துக்கு மருந்தாக அது முதன்மையாகக் கருதியவற்றுள் ஒன்று, அவள் படிப்பு நின்றுவிடாமல் காப்பது.

படிப்பு நின்றுவிடும் அச்சம் வெறும் கற்பனையன்று. நம் பகுதியிலேயே ஒரு குடும்பத்தில் நடந்ததை இங்கே கூறலாம். தந்தை கப்பல் துறையில் வேலை செய்பவர். மகள் சென்னையில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டே சிறு காணொளிகள் வெளியிட்டு வந்தாள். இரண்டாம் ஆண்டில் அவள் கல்லூரி விடுதியை விட்டு, வகுப்புத் தோழியர் இருவருடன் ஒரு வாடகை வீட்டுக்குச் சென்றாள். புதிய அறை காணொளியில் தெரிந்தது. விடுதியிலிருந்து அவளை விலக்கிவிட்டார்கள் என்று எவரோ எழுத, அது உறவினர் வாட்ஸ்அப் குழுவில் வந்து சேர்ந்தது. மகளின் தொலைபேசி அழைப்பு வருமுன் வதந்தி வந்துவிட்டது. தந்தை அடுத்த கப்பலுக்கு அவளுக்குச் சீட்டு வாங்கிவிடத் துணிந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் அவரைத் தடுத்து, “மகளை அழைக்கிறதுக்கு முன்னாலே மகளைக் கேள், தம்பி” என்றார். கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. அக்கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவியருக்கு மட்டுமே இடம். மற்றவர் வெளியே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சீட்டு வாங்கப்படவில்லை. பெண் படிப்பை முடித்தாள். ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால் அவள் வாழ்க்கை வேறாகியிருக்கும்.

வெளி மாநிலத் தமிழரிடையே இந்த இடர் மிகுதி. நம் சமூகம் சிறியது. ஒருவரை ஒருவர் அறிந்தது. திருமணமும் உதவியும் அந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே நடைபெறுவதால், நற்பெயர் என்பது இங்கே வங்கி இருப்பைப் போன்றது. அன்றியும் தமிழ்நாட்டு நகர வாழ்க்கை இன்று எப்படி இருக்கிறது என்பதை நாம் நேரில் காண்பதில்லை. நாம் விட்டு வந்த காலத்து ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு இக்காலத்துப் பிள்ளைகளை அளக்கிறோம். இரவு எட்டு மணிக்கு நூலகத்திலிருந்து திரும்பும் பெண், நம் நினைவில் உள்ள ஊரில் இல்லை. அதனால் அவள் மேல் எழும் வதந்தியை எளிதில் நம்பிவிடுகிறோம்.

ஆதலின் பெற்றோர் மேற்கொள்ளத்தக்க சில வழிகளைக் கூறுவோம். முதலாவது, பிள்ளையைச் சேர்க்கும்போதே தங்குமிடத்தைப் பற்றித் தெளிவாக அறிந்துகொள்வது. தமிழ்நாட்டில் பெண்கள் தங்கும் விடுதிகளை முறைப்படுத்த 2014-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி தனியார் விடுதிகள் உரிமம் பெற வேண்டும். உரிமம் உள்ளதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. இரண்டாவது, விடுதிக் காப்பாளர், ஒரு பேராசிரியர், ஒரு தோழி ஆகிய மூவரின் தொலைபேசி எண்களை வைத்திருப்பது. ஐயம் வந்தால் ஊரைக் கேட்காமல் உரியவரைக் கேட்கலாம். மூன்றாவது, அறை மாறினாலும் பாடம் மாறினாலும் முதலில் நம்மிடம் சொல்லத் துணியும்படி பிள்ளையை வளர்ப்பது. கடிந்துகொள்ளும் வீட்டுக்கு உண்மை கடைசியில்தான் வரும்.

மாணவியர்க்கும் சில சொற்கள். தங்குமிடத்தை அடையாளம் காட்டும் கடைப் பலகை, சன்னல் காட்சி, பேருந்து எண், கல்லூரி அடையாள அட்டை ஆகியன காணொளியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் எடுத்த படத்தை அவ்விடத்தை விட்டு வந்த பின்னரே வெளியிடுங்கள். அறைத் தோழியின் இசைவின்றி அவள் முகத்தைக் காட்டாதீர்கள். அவளும் அந்தரங்கம் உடையவளே. வதந்தி எழுந்தால் ஒவ்வொருவருக்கும் விடை எழுதிக்கொண்டிராமல், நாளும் நேரமும் தெரியும்படி அப்பதிவுகளின் படியை எடுத்து வைத்துக்கொண்டு, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பெரிய தளங்கள் அத்தகைய அலுவலரை நியமித்திருக்க வேண்டும். மிரட்டலோ, பொய்யாகத் திரித்த படமோ, பின்தொடர்தலோ இருக்குமானால் அது வதந்தியின் எல்லையைத் தாண்டிய குற்றம். மத்திய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ தயங்காமல் புகார் செய்யுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, ஒரு பெண்ணை இணையத்தில் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், பாலியல் குற்றத்துக்கு ஆளானவளின் அடையாளத்தை வெளியிடுவதும் தண்டனைக்குரியன. அவதூறும் குற்றமே.

சட்டம் எவ்வளவு இருந்தாலும், அது வதந்தி பரவிய பின்னரே வந்து சேர்கிறது. பரவுமுன் நிறுத்த வல்லவர் ஒருவரே. அவர் அச்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு அனுப்பலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கும் நாம்தாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று நம் முன்னோர் சொன்னது உண்மை. ஆனால் ஊர் என்பது தனியே ஒரு வாய் உடையதன்று. நம் ஒவ்வொருவர் வாயும் சேர்ந்ததே அது. ஒரு பெண்ணின் அறையைப் பற்றிய செய்தி நம் கைபேசிக்கு வரும்போது, இதை அவள் தந்தை படித்தால் அவள் நாளை வகுப்பில் இருப்பாளா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அந்த ஒரு கணத் தயக்கம், தொலைவில் தனியே தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு நாம் செலவின்றிச் செய்யக்கூடிய பெரிய உதவியாகும்.